கோப்பையில் பெயர் இல்லாத கென் மைல்ஸ்

ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி படத்தை நம்ம மெக்கானிக்கல் பசங்கள்ல பாதிப் பேராவது பார்த்திருப்பீங்க. 2019-ல வந்தது. கிறிஸ்டியன் பேல் ஒல்லியா, கோபக்காரரா, யாருக்கும் அடங்காதவரா வருவாரே, அந்த ஆள்தான் கென் மைல்ஸ். கற்பனைக் கதாபாத்திரம் இல்ல, நிஜ மனுஷன். படம் நல்ல படம்தான். ஆனா ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு அவங்க விட்டுட்டுப் போன ஒரு பகுதி இருக்கு. எஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்கு அந்தக் கதையிலேயே ருசியான பகுதி அதுதான்னு நான் சொல்லுவேன். 1964, 1965-ல நடந்த ஜிடி கார் உலகச் சாம்பியன்ஷிப். அதை ஜெயிச்ச காரை ஓட்டிப் பார்த்து உருவாக்கினதுல மைல்ஸுக்குப் பெரிய பங்கு. ஜெயிச்சவங்க பட்டியல்ல தேடினா அவர் பெயர் கிடைக்காது.

கென்னத் ஹென்றி ஜார்விஸ் மைல்ஸ் 1918 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்தில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வூல்ஸ்லி மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பதினைந்து வயதிலேயே ஒரு ஆஸ்டின் 7 காரைப் பிரித்துப் போட்டுத் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக் கட்டினார். கூட நின்று உதவிய பெண் மோலி. பின்னாளில் அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் டாங்கிகளோடு வேலை. போர் முடிந்து ஊர் திரும்பியதும் பழைய புகாட்டி, ஆல்ஃபா ரோமியோ, ஆல்விஸ் கார்களை எடுத்துக்கொண்டு பந்தயம் ஓட ஆரம்பித்தார். 1950-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா போய் லாஸ் ஏஞ்சலீஸில் இறங்கினார். எம்ஜி கார்களை விற்கும் நிறுவனத்தில் சர்வீஸ் மேனேஜர். பகலில் மற்றவர்களின் கார், ராத்திரியில் சொந்தக் கார். எம்ஜி பாகங்களை வைத்துத் தானே வடிவமைத்துக் கட்டிய ஒரு ஸ்பெஷல் காரில் 1953-ல் தொடர்ந்து 14 பந்தயம் ஜெயித்தார். எதிரில் நின்ற கார்கள் பல அதைவிடப் பெரியவை, விலையும் அதிகம்.

வாயின் ஓரத்தால் பேசும் பழக்கம் அவருக்கு. அதனால் சைட்பைட் என்று பட்டப்பெயர். டீ குடிக்கிற இங்கிலாந்துக்காரர் என்பதால் டெடி டீபேக் என்றும் கூப்பிட்டார்கள். மனதில் பட்டதை மேலே இருப்பவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இந்தக் குணம் ஒர்க்‌ஷாப்பில் செல்லும், கார்ப்பரேட் ஆபீஸில் செல்லாது. அவர் வாழ்க்கையின் பாதிச் சிக்கல் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான்.

சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்திப் பார்த்தார், தாக்குப்பிடிக்கவில்லை. 1963 வாக்கில் கரோல் ஷெல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தபோது வயது நாற்பத்தி நாலைத் தாண்டிவிட்டது. ரேஸ் ஓட்டுநர்கள் ரிட்டையர் ஆகிற வயது அது.

ஷெல்பி யார்? டெக்சாஸ்காரர். 1959-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தவர். இதய நோயால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கார் கட்ட இறங்கினார். இங்கிலாந்தின் ஏசி கம்பெனி செய்த லேசான திறந்த கார் ஒன்று இருந்தது. அதில் ஃபோர்டின் வி8 எஞ்சினைத் தூக்கி வைத்தார். அதுதான் கோப்ரா. அமெரிக்காவுக்குள் நடந்த குறுகிய பந்தயங்களில் கோப்ரா எல்லாரையும் அடித்து நொறுக்கியது. ஐரோப்பாவுக்குப் போனால் கதை வேற.

ஜிடி பிரிவு என்பது கிராண்ட் டூரிங் கார்களுக்கானது. பந்தயத்துக்காக மட்டும் ஒன்றிரண்டு கட்டிக்கொண்டு வந்து நிறுத்த முடியாது. மக்களுக்கு விற்கிற கார் என்று காட்டக் குறைந்தது 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆனால் விதியில் ஒரு சந்து இருந்தது: அடிச்சட்டம் அதேதான் என்றால் மேல்பாடியை மாற்றிக்கொள்ளலாம். ஃபெராரி அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் 250 ஜிடிஓ-வைச் செய்தது. நாற்பதுகூடச் செய்யாமல் ஜிடி என்று பெயர் வாங்கிய கார் அது. ரொம்ப அழகு, ரொம்ப வேகம்.

கோப்ராவின் பிரச்சனை காற்று. லே மான்ஸில் முல்சான் என்ற நேர்ச்சாலை கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். அங்கே திறந்த கோப்ரா மணிக்கு 255 கிலோமீட்டர் பக்கத்தில் போய் மூச்சு வாங்கி நின்றுவிடும். எஞ்சினில் பலம் இருந்தது, உடம்பு செங்கல் மாதிரி. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை அரியர் வைக்காமல் பாஸ் செய்தவர்களுக்குத் தெரியும்: காற்றைத் தள்ளத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடிக்கு ஏறும். பத்து சதவீதம் கூடுதல் வேகம் வேணும்னா 33 சதவீதம் கூடுதல் பவர் வேணும். கடலூர்-பண்ருட்டி ரோட்டுல நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டருக்கு இந்தக் கவலையே கிடையாது, இருபது கிலோமீட்டர் வேகத்துல காத்து என்ன பண்ணும். 255-லிருந்து 290-க்குப் போகணும்னா கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு எஞ்சின் வேணும். இல்லைன்னா உடம்பை மாத்தணும்.

ஷெல்பியிடம் பீட் பிராக் என்று ஓர் இளைஞர் இருந்தார். வயது 27. ஜெனரல் மோட்டார்ஸில் டிசைனராக இருந்து வந்தவர். 1930-களில் ஜெர்மானியர்கள் செய்த ஏரோடைனமிக்ஸ் ஆராய்ச்சியைப் படித்து வைத்திருந்தார். காற்று ஒழுங்காக வழிந்து போகும்படி கூரையைச் சரித்துக்கொண்டே போய், வாலை நீட்டாமல் சட்டென்று வெட்டிவிடுவது. காம் வால் என்பார்கள். விபத்தில் அடிபட்ட பழைய கோப்ராவின் அடிச்சட்டம் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு சீட்டைப் போட்டு மைல்ஸை உட்கார வைத்தார். அந்த மனிதரின் தலை எங்கே வருகிறது, கண் எங்கே பார்க்கிறது என்பதிலிருந்து கண்ணாடியும் கூரையும் பிறந்தன.

ஒர்க்‌ஷாப்பில் பலருக்கு அந்த வடிவத்தைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. சீனியர் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெளியிலிருந்து கூட்டிவந்த விமான ஏரோடைனமிக்ஸ் நிபுணர் ஒருவர், வாலை இன்னும் நீட்டாவிட்டால் இது வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் முதல் ஆள் மைல்ஸ். இங்கே ஒன்று கவனிங்க. பிராக் சின்னப் பையன், பேப்பரில் வரைகிறவர். அவர் பேச்சு எடுபட, அதை ஓட்டிக் காட்டப் போகிற, ஊரே மதிக்கிற ஒரு ஓட்டுநரின் ஆதரவு வேண்டியிருந்தது.

1964 பிப்ரவரி தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு டிராக்கில் அந்த காரை முதன்முதலாக ஓட்டினார் மைல்ஸ். அன்றைக்கே கோப்ராவின் சுற்று நேரத்தில் 3.5 விநாடி குறைந்தது. ரேஸிங்கில் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு ஆட்கள் தூக்கம் கெட்டுத் தவிப்பார்கள், இது 3.5. அதே எஞ்சின்தான். பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. அதுவரை முகம் சுளித்தவர்கள் எல்லாம் அப்புறம் அந்தக் காருக்கு வேலை செய்ய ஓடி வந்தார்கள்.

முதல் பந்தயம் அதே மாதம் ஃப்ளோரிடாவின் டேடோனாவில். அதனாலேயே காருக்கு டேடோனா கூபே என்று பெயர் நின்றுவிட்டது. முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது பின் டிஃபரன்ஷியல் சூடேறியது. பிட்டில் பெட்ரோல் நிரப்பும்போது தீப்பிடித்து ஆட்டம் அங்கேயே முடிந்தது. மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரம்: ஜிடி பிரிவில் முதலிடம். அதே செப்ரிங்கில் மைல்ஸ் வேறொரு கோப்ராவில் பெரிய 7 லிட்டர் எஞ்சினைப் போட்டுச் சோதித்தார். பயிற்சியின்போது போய் ஒரு மரத்தில் மோதினார். பரந்து கிடக்கும் பழைய விமானத் தளத்தில் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து மோதியதற்கு ரொம்ப நாள் கிண்டல் வாங்கியிருப்பார்.

மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்பாவில் இன்னொரு பாடம். அதிவேகத்தில் கூபேயின் பின்பக்கம் மேலே தூக்கியது. ஃபில் ஹில் போன்ற முன்னாள் உலகச் சாம்பியனே ஓட்டத் தடுமாறினார். அங்கேயே தகடு வெட்டி வால் விளிம்பில் ஒரு சின்ன ஸ்பாய்லரை வைத்தார்கள். கார் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஜூனில் லே மான்ஸ். டான் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் ஓட்டிய கூபே ஜிடி பிரிவில் முதலிடம், மொத்தத்தில் நாலாமிடம்.

ஆனாலும் 1964 பட்டம் மிகச் சிறிய வித்தியாசத்தில் ஃபெராரிக்கே போனது. 250 எல்எம் என்ற புதுக் காரையும் ஜிடி என்று ஒப்புக்கொள்ளும்படி ஃபெராரி கேட்டது. 100 கார் எங்கே என்று கேட்டு அதிகாரிகள் மறுத்தார்கள். தகராறு முற்றி, கோப்ராவுக்கு வாய்ப்பாக இருந்த மோன்ஸா பந்தயம் அந்தச் சாம்பியன்ஷிப் கணக்கிலிருந்தே காணாமல் போனது. அடுத்த வருடம் ஃபெராரி கம்பெனி ஜிடி பிரிவைப் பெரிய அளவில் கண்டுகொள்ளவில்லை.

1965 சீசன் கோப்ராவுடையது. டேடோனா, செப்ரிங், மோன்ஸா, நூர்பர்க்ரிங் எனப் பெரிய ஜிடி பிரிவில் வரிசையாக முதலிடம். ஸ்பாவில் ஒரு தனியார் ஃபெராரி ஜிடிஓ முந்தியது. லே மான்ஸிலும் ஒரு ஃபெராரிதான் ஜிடி பிரிவை எடுத்தது. ஜூலை 4, பிரான்ஸின் ரீம்ஸ். அன்று அமெரிக்கச் சுதந்திர தினம். பாண்டுரன்ட்டும் ஜோ ஷ்லெசரும் ஓட்டிய கூபே ஜிடியில் ஜெயித்துப் பட்டத்தை உறுதி செய்தது. ஒரு அமெரிக்க நிறுவனம் இப்படி ஒரு உலகப் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஃபெராரி முழு பலத்தோடு வராத வருஷம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1964-ல் முழு பலத்தோடு வந்தபோதே அவர்களைத் திணறடித்த கார் இது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். மொத்தம் கட்டியது வெறும் ஆறு கூபே.

அந்தச் சீசன் முழுக்க மைல்ஸ் எங்கே இருந்தார்? அடுத்த காரில். ஃபெராரியை விலைக்கு வாங்கப் போய் 1963-ல் என்ஸோ ஃபெராரியிடம் மூக்குடைபட்டுத் திரும்பிய ஹென்றி ஃபோர்டு, பழிவாங்க ஜிடி40 என்ற காரைக் கட்ட வைத்திருந்தார். பெயரில்தான் ஜிடி, ஓடியது புரோட்டோடைப் பிரிவில். 1964 முழுக்க அது உடைந்துகொண்டே இருந்தது. கியர்பாக்ஸ் தாங்கவில்லை, வேகத்தில் மூக்கும் வாலும் தூக்கின. வருடக் கடைசியில் காரை ஷெல்பியிடம் தள்ளிவிட்டார்கள். ஷெல்பி அதை மைல்ஸிடம் கொடுத்தார்.

படத்தில் காரின் மேல் உல்லன் நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டுவார்களே, அது நிஜம். நூல் எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்தால் காற்று எங்கே குழம்புகிறது என்று தெரிந்துவிடும். சோதனை ஓட்டம் என்றால் என்ன என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்க. கைதட்ட ஆள் இல்லை, கோப்பை இல்லை. ஒரு மாற்றம் செய்வது, சில சுற்று ஓடுவது, உள்ளே வந்து என்ன உணர்ந்தேன் என்று மெக்கானிக்கிடம் துல்லியமாகச் சொல்வது, மறுபடி போவது. இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு நெய்வேலி போனவங்க அந்த மலை மாதிரி பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி மெஷினோட ரொம்ப நாள் பழகின ஒருத்தருக்குச் சத்தத்தை வச்சே எங்கேயோ பேரிங் போகுதுன்னு பட்டுடும். மைல்ஸுக்கு முதுகிலும் உள்ளங்கையிலும் அந்த அறிவு இருந்தது. எஞ்சினியர் பாஷையில் அதை எடுத்துச் சொல்லவும் தெரியும். ரெண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

ஷெல்பியின் கைக்கு வந்து இரண்டே மாதம். 1965 பிப்ரவரி 28, டேடோனா 2000 கிலோமீட்டர். மைல்ஸும் லாய்ட் ரூபியும் ஜிடி40-க்கு முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருடம் லே மான்ஸுக்கு மைல்ஸைக் கூட்டிப் போகவில்லை என்று படம் காட்டும். தப்பு. புரூஸ் மெக்லாரனோடு சேர்ந்து ஓட்டினார். கியர்பாக்ஸ் போனதால் சில மணி நேரத்தில் வெளியேறினார்.

1966 அவருடைய வருடமாக இருந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் டேடோனா 24 மணி நேரம், ரூபியோடு சேர்ந்து முதலிடம். மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரம், முன்னணியில் இருந்த கர்னியின் எஞ்சின் கடைசிச் சுற்றில் நின்றுபோக மறுபடி மைல்ஸ்-ரூபி முதலிடம். ஜூனில் லே மான்ஸையும் எடுத்துவிட்டால் மூன்றும் ஒரே வருடத்தில். அதுவரை யாரும் செய்யாத சாதனை. கூட ஓட்டியவர் நியூசிலாந்துக்காரர் டென்னி ஹல்ம்.

கதவு சரியாக மூடாமல் முதல் சுற்று முடிவிலேயே மைல்ஸ் பிட்டுக்கு வர வேண்டியதாயிற்று. அங்கிருந்து விரட்டிப் பிடித்து முன்னணிக்கு வந்தார். ஃபெராரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மறுநாள் மதியம் முதல் மூன்று இடத்திலும் ஃபோர்டு. மைல்ஸ் முன்னால், மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் அதே சுற்றில் பின்னால். மூன்றாவது கார் பன்னிரண்டு சுற்று பின்னால். அப்போது ஃபோர்டின் ரேஸிங் தலைவர் லியோ பீபிக்கு மூன்று காரும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தால் போட்டோ நன்றாக இருக்குமே என்று தோன்றியது. மைல்ஸுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. குறைத்தார்.

கோட்டைக் கடந்தபோது மெக்லாரனின் கார் கொஞ்சம் முன்னால் இருந்தது. சமமாகக் கடந்திருந்தாலும் மைல்ஸ் ஜெயித்திருக்க முடியாது. லே மான்ஸில் அன்று கார்களைத் தகுதி நேர வரிசைப்படி ஓரமாகச் சாய்த்து நிறுத்தித்தான் தொடங்குவார்கள். மெக்லாரனின் கார் மைல்ஸுக்குப் பின்னால் நின்று கிளம்பியது. சமமாக முடித்தால் அதுதான் சில மீட்டர் அதிகம் ஓடியதாகக் கணக்கு. டை என்பதே கிடையாது என்று அமைப்பாளர்கள் பந்தயம் முடிவதற்கு முன்பே ஃபோர்டு ஆட்களிடம் சொல்லியிருந்தார்கள். தெரிந்த பிறகும் உத்தரவை யாரும் திருப்பி வாங்கவில்லை. விதி மைல்ஸை ஏமாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோணல. விதி சுத்தமா இருந்தது. 24 மணி நேரம் ஓட்டினவனோட பந்தயத்தை விளம்பரப் போட்டோவுக்குக் கொடுத்த அந்த முடிவுதான் அசிங்கம். மெக்லாரன் மேலயும் தப்பில்ல, அவரும் நேர்மையா ஓட்டினவர்தான். படத்தில் என்ஸோ ஃபெராரி மேலே நின்று மைல்ஸுக்கு மரியாதை செய்வாரே, அது சினிமா. என்ஸோ அன்று அங்கே இல்லவே இல்லை.

மைல்ஸ் ராஜினாமா செய்யவில்லை. கலிஃபோர்னியா திரும்பி அடுத்த காரின் சோதனையில் உட்கார்ந்தார். அதற்கு ஜே-கார் என்று பெயர். அலுமினிய ஹனிகோம்ப் தகடுகளைப் பசைபோட்டு ஒட்டிச் செய்த அடிச்சட்டம், விமானத் தொழிலிலிருந்து வந்த நுட்பம். எடை குறைவு. பின்பக்கம் ரொட்டி வேன் மாதிரி தட்டையான கூரை.

1966 ஆகஸ்ட் 17, அதே ரிவர்சைடு டிராக். வெயில் நாள். ஒரு நாள் முழுக்கச் சோதனை நடந்து முடியும் நேரம். நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் கார் திடீரென்று கட்டுப்பாட்டை இழந்து, புரண்டு, உடைந்து, தீப்பிடித்தது. மைல்ஸ் வெளியே தூக்கி எறியப்பட்டு அங்கேயே இறந்தார். வயது 47. மகன் அன்று டிராக்கில்தான் இருந்தான். லே மான்ஸ் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டீமில் வண்டி கட்டுகிற நம்ம பசங்க ஃபார்முலா பாரத்துக்குக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போறப்ப அந்தப் பெயர் யாருடையதுன்னு கேட்டுப் பாருங்க. கரிவர்தன். ஏழைக்கும் எட்டுகிற விலையில் ரேஸ் கார் செய்யணும்னு உட்கார்ந்து வடிவமைத்து, மாருதி எஞ்சின் போட்ட சிங்கிள் சீட்டர்களை நம்ம ஊர்ல ஓட வச்சவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். தானே கட்டி, தானே ஓட்டிப் பார்க்கிற ஜாதி எல்லா ஊரிலும் இருக்கிறது. அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வரணும், யாராவது கோவை நண்பர் எழுதுங்க.

அந்த டிராக்கில் ஓட அனுமதி வாங்குமுன் ஸ்க்ருட்டினியில் முதலில் எதைத் தட்டிப் பார்ப்பார்கள்? ரோல் ஹூப். குழாய் தடிமன் சரியா, வெல்டிங் சரியா, தலைக்கும் ஹூப்புக்கும் இடைவெளி சரியா என்று நம்மை அழ வைத்துவிடுவார்கள். ஜே-காரில் ஓட்டுநரைச் சுற்றி அப்படி ஒரு பலமான இரும்புக் கூடு கிடையாது. மைல்ஸ் இறந்த பிறகு ஃபோர்டு அந்தக் காரை மறுபடி வடிவமைத்தது. ரொட்டி வேன் கூரை போனது. உள்ளே எடை கூடினாலும் பரவாயில்லை என்று ஸ்டாக் கார்களில் போடுவது போன்ற கனமான எஃகு ரோல் கேஜ் வந்தது. மார்க் 4 என்று பெயர் மாற்றினார்கள். 1967-ல் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் அதில் லே மான்ஸை ஜெயித்தார்கள். அதே பந்தயத்தில், ராத்திரி நேரத்தில், மரியோ ஆண்ட்ரெட்டியின் மார்க் 4 பிரேக் பிடித்த இடத்தில் நிலைதடுமாறிச் சுவரில் மோதி நொறுங்கியது. கூடு மட்டும் நசுங்காமல் நின்றது. அடிபட்ட விலா எலும்புகளோடு ஆண்ட்ரெட்டி வெளியே வந்தார். பதினோரு வருஷம் கழித்து, 1978-ல், ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனார்.